அக்கா வீட்டு லாச்சி

கனடாவின் ஸ்கார்பரோவில் நாங்கள் முதலில் குடியேறியது ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டு பேஸ்மென்டில். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த மூன்றாவது இழுப்பறை பாதிதான் திறக்கும். கையை உள்ளே விட்டு, குறுக்கே நிற்கும் கரண்டியைப் படுக்க வைத்தால்தான் மீதி வரும். மதுரையில் எங்கள் அடுப்படியில் இழுப்பறையே கிடையாது. ரப்பர் பேண்டுக்கு ஓர் ஆணி, கேரி பைகளுக்குக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய பை, சில்லறைக்குக் கடுகு டப்பா, அவ்வளவுதான். நான் டிராயர் என்பேன், அக்கா லாச்சி என்பார். டச்சுக்காரர் காலத்துச் சொல். எங்கள் ஊரில் டிராயர் என்றால் அரைக்கால் சட்டையும்தான் என்பதால் லாச்சியே எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன அத்தனையும் அதற்குள் கிடந்தது. பிரெட் பை வாயில் மாட்டும் பிளாஸ்டிக் துண்டுகள், சோயா சாஸ் பாக்கெட்டுகள், எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிகள், செத்ததா இல்லையா என்று சொல்ல முடியாத பேட்டரிகள். குப்பைப் பையை விரித்து உட்கார்ந்தேன். கட்டைவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் சாமான், அதன் பிளவுக்குள் ஒரு பிளேடு. பையில் போடப் போனபோது, துணி துவைக்கக் கீழே வந்த அக்கா பதறிவிட்டார்.

"உதை எறியாதேங்கோ தம்பி, பால் பை வெட்டுறதெல்லோ!"

ஒன்டாரியோவில் 4 லிட்டர் பால் ஒரு பெரிய பையில் வரும். உள்ளே மூன்று சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் 1.33 லிட்டர். ஒன்றை அதற்கென்றே விற்கும் ஜக்கில் இறக்கி, மூலையை வெட்டி, பையோடு சாய்த்து ஊற்ற வேண்டும். எதிர் மூலையில் பொட்டளவு இன்னொரு வெட்டுப் போட்டால் பால் குபுக்கென்று கொட்டாது. நானோ அதுவரை ஆவின் பாக்கெட் மாதிரி பல்லால் கடித்து, மொத்தத்தையும் சட்டியில் ஊற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

குப்பைப் பையை மடித்து வைத்துவிட்டேன்.

தொப்பியும் மீசையுமாக ஒருவர் சிரிக்கும் 10 சென்ட், 50 சென்ட் நோட்டுகள் கொஞ்சம் இருந்தன. மளிகைக் கடையில் நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் சிரித்தே விட்டாள். அது கனேடியன் டயர் கடை 1958 முதல் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவந்த கூப்பன், பணமே இல்லை. ஜாம் பாட்டில் நிறைய இருந்த ஒரு சென்ட் காசுகளோ நிஜப் பணம், ஆனால் யாரும் எடுத்துப்போவதில்லை. 2013 பிப்ரவரியில் அதைப் புழக்கத்தில் விடுவதை நிறுத்திவிட்டார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 1.02 டாலர் 1 டாலராகும், 1.03 என்றால் 1.05.

அப்புறம் அந்தச் சிவப்புப் பிடி ஸ்க்ரூ டிரைவர். முனை சதுரமாக இருந்ததால் உடைந்தது என்றே நினைத்தேன். ஒரு நாள் அலமாரிக் கதவு தொங்கிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்டார் முனை எந்தத் திருகிலும் உட்காரவில்லை. எல்லாம் சதுரக் குழி. ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் 1909-இல் காப்புரிமை வாங்கிய திருகாம். சிவப்புப் பிடியை வைத்தால் கச்சிதமாகப் பிடிக்கிறது, ஒற்றைக் கையால் திருகலாம்.

மூன்று வருடம் கழித்துக் காலி செய்தபோது பால் பை வெட்டியையும் சிவப்புப் பிடி ஸ்க்ரூ டிரைவரையும் லாச்சியிலேயே வைத்துவிட்டோம். கூடவே எங்கள் பங்குக்குக் கொத்தமல்லிக் கட்டு ரப்பர் பேண்டுகளும் ஊர் பிளக்குக்கான அடாப்டரும். குக்கர் வெயிட்டும் அங்கேயே தங்கிவிட்டது மறுநாள் பருப்பு வைக்கும்போதுதான் தெரிந்தது. திரும்பிப் போனேன். புதிதாகக் குடிவந்த பிலிப்பினோ பையன் வாசலிலேயே அதை நீட்டி, என்ன இது என்று கேட்டான். விசில் அடித்துக் காட்டினேன்.