பக்கத்து மெரினா ஃபுல்லா இருக்கா? மொதல்ல தண்ணியப் பாருங்க

புதுசா ஒரு மெரினா, அதாவது உல்லாசப் படகுங்கள வாடகைக்குக் கட்டி நிறுத்துற துறை, கட்டலாம்னு யாராவது திட்டம் போட்டா அந்த ரிப்போர்ட்ல ரெண்டு அத்தியாயம் தனித்தனியா வரும். ஒண்ணுல காத்து, அலை, ஆழம், நீரோட்டம். இன்னொண்ணுல சுத்துவட்டாரத்துல எத்தனை மெரினா, எத்தனை பெர்த் (ஒரு படகு நிக்குற எடம்), வாடகை எவ்ளோ, வெயிட்டிங் லிஸ்ட் இருக்கா. மொத அத்தியாயம் இன்ஜினியர் எழுதினது, ரெண்டாவது மார்க்கெட்டிங் ஆளு எழுதினது, ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே இல்லன்னு பத்து பக்கம் பொரட்டினாலே தெரிஞ்சிடும். எனக்கு கடுப்பே இங்கதான். பக்கத்து மெரினா ஃபுல்லா இருக்குன்னா பாதி காரணம் அது உக்காந்திருக்குற எடம்தான். காத்து மறைவுல இருக்கும், இல்ல முகத்துவாரத்துல மணல் திட்டு இருக்காது, இல்ல வெளிய வந்த உடனே படகு ஓட்ட நல்ல தண்ணிப்பரப்பு கெடைக்கும். அது புரியாம "டிமாண்ட் இருக்கு, நாமளும் கட்டுவோம்"னு கெளம்புறது சரியா வராது.

சரி, தண்ணிக்கு வருவோம். சைட் பாக்கப் போறவங்க எப்பவும் நல்ல வெயில் நாளாப் பாத்து காலைல போவாங்க. பெரும்பாலான கரையோரத்துல வெயில் நாள்ல காலைல காத்து கம்மியாத்தான் இருக்கும், நெலம் சூடானப்பறம் மதியத்துக்கு மேலதான் கடல் காத்து ஏறும், ஆனா படகுக்காரங்க திரும்பி வர்ற நேரமே அதுதான். அதனால ஒரு நாள் போய்ப் பாத்துட்டு "அமைதியான எடம்"னு எழுதுறத நான் நம்பவே மாட்டேன். பக்கத்துல இருக்குற வானிலை நிலையத்துலேருந்து பல வருஷத்துக் காத்து டேட்டா வாங்கி, எந்தத் திசையிலேருந்து எவ்ளோ வேகத்துல எவ்ளோ நேரம் வீசுதுன்னு காட்டுற விண்ட் ரோஸ் போட்டுப் பாக்கணும், அதையும் மாசவாரியா, முடிஞ்சா மணிவாரியா. காத்து வேகத்தப் படிப்படியாப் பிரிக்குற போஃபோர்ட் அளவுல 4, அதாவது 11லேருந்து 16 நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) காத்துன்னா பாய்மரக்காரங்களுக்குக் கொண்டாட்டம், சின்ன மோட்டார் போட்ல குடும்பத்தோட போறவனுக்கு அது ஏற்கெனவே தொல்லை. 6ன்னா 22 நாட் வேகத்துக்கு மேல, அன்னைக்கு பெரும்பாலானவங்க கயித்தையே அவுக்க மாட்டாங்க. ஆக ஒரே காத்து ஒரு கூட்டத்த இழுக்கும், இன்னொரு கூட்டத்த வெரட்டும்.

இதுக்கு அடுத்தது ஃபெட்ச். காத்து எவ்ளோ தூரம் தடையே இல்லாம தண்ணி மேல ஓடி வருதுங்கறது. மேப்ல ஸ்கேல் வெச்சு அளந்தாலே ஒரு ஐடியா கெடைச்சிடும், அந்த நீண்ட பக்கமும் பலமான காத்து வர்ற பக்கமும் ஒண்ணா இருந்துச்சுன்னா அலைதடுப்புச் சுவருக்குத்தான் பட்ஜெட் மொத்தமும் போகும். சில பேர் "மெதக்குற ப்ரேக்வாட்டர் போட்டுக்கலாம், செலவு கம்மி"ம்பாங்க. அது குட்டி அலைக்கு வேலை செய்யும், சுமார் 4 செகண்டுக்கு ஒரு தடவ வர்ற அலை வரைக்கும். ஆழமான தண்ணில 3 செகண்ட் அலைக்கு நீளம் 14 மீட்டர் மாதிரி, தூரத்துலேருந்து வர்ற நீளமான அலை, அதாவது 8 செகண்ட் ஸ்வெல் வந்தா 100 மீட்டர். நூறு மீட்டர் நீள அலை முன்னாடி நாலு மீட்டர் அகல மெதவை என்ன பண்ணும், அதுவும் சேந்து ஏறி எறங்கும் அவ்ளோதான். இன்னொண்ணு, ரிப்போர்ட்ல போட்டிருக்குற அலை உயரம் பெரும்பாலும் சிக்னிஃபிகன்ட் வேவ் ஹைட், அதாவது எல்லா அலைகள்லயும் பெரிசா இருக்குற மூணுல ஒரு பங்கோட சராசரி. தனி ஒரு அலை கிட்டத்தட்ட அதுக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் வரும். உள்ள பெர்த்ல 30 சென்டிமீட்டர் அலைய வருஷத்துக்கு ஒரு தடவ தாங்கிக்கலாம், அடிக்கடி வந்தா கயிறும் அதக் கட்டுற க்ளீட்டும் பொறுக்காது, படகு பக்கவாட்டுல வாங்குச்சுன்னா இன்னும் மோசம்.

நான் ரொம்ப நேரம் செலவு பண்றது முகத்துவாரத்துல. நுழைவாய் பக்கத்துல ஒரு உசரமான எடமாப் பாத்து நின்னு, தண்ணி வத்திக்கிட்டு வெளிய ஓடுறப்ப கடல் பக்கத்துலேருந்து காத்து எதுத்து அடிக்குற நேரத்தப் பாருங்க. ரெண்டும் மோதுற எடத்துல அலை நீளம் சுருங்கி, செங்குத்தா எழும்பி, நொரையோட ஒடையும். அதே எடம் ஏத்த நேரத்துல வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி வழவழன்னு இருக்கும். உள்ள வர்ற படகு ஒண்ணு ஒண்ணும் அந்த ஒடையுற கோட்டுக்கு முன்னாடி வேகத்தக் கொறைச்சு, கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒரு இடைவெளி கெடைச்ச உடனே த்ராட்டில அமுக்கி நொழையும். அனுபவமில்லாத ஆளு இத ஒரு தடவ பண்ணிட்டான்னா அடுத்த வருஷம் பெர்த்த ரினியூ பண்றது சந்தேகம்தான். எந்த சர்வே படிவத்துலயும் இதுக்குன்னு ஒரு கட்டம் இருக்காது.

ஆழத்துலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. சார்ட்ல, அதாவது கடல் வரைபடத்துல, போட்டிருக்குற ஆழம் பல நாட்டுல ரொம்பக் கொறைஞ்ச வத்தத்த அடிப்படையா வெச்சது, அதனால நெஜத்துல அதவிட அதிகமா இருக்கும்னு நெனைப்போம். ஆனா காத்தழுத்தம் 1 ஹெக்டாபாஸ்கல் ஏறினா நீர்மட்டம் சுமாரா 1 சென்டிமீட்டர் எறங்கும், அதோட கரையிலேருந்து கடல் பக்கமா பலமா காத்தும் அடிச்சா சார்ட் சொல்றதுக்கும் கீழ போயிடும். தண்ணிக்கடியில 2 மீட்டர் எறங்குற கீல் (அடித்துடுப்பு மாதிரி) இருக்குற பாய்மரப் படகு அன்னைக்கு சேத்துல உக்காந்துக்கும். நீரோட்டம் கரையோரமா மணல அள்ளிட்டு வர்ற எடம்னா தூர்வாருற செலவு ஒரு தடவையோட முடியாது, வருஷா வருஷம் வரும், பக்கத்து மெரினா எவ்ளோ இடைவெளில தூர்வாருதுன்னு கேட்டாலே நம்ம கதி தெரிஞ்சிடும்.

இப்ப போட்டிக்கு வருவோம், ஏன்னா தண்ணியப் படிச்சப்பறம்தான் இது அர்த்தமாகும். "ஆக்குபன்ஸி 95 சதவீதம்"னு, அதாவது நூறு பெர்த்ல 95 நிரம்பியிருக்குன்னு, போட்டிருந்தா நான் நேர்ல போய் பான்டூன்ல (மெதக்குற நடைமேடை) நடந்து பாப்பேன். வார நாள்ல ஒரு தடவ, நல்ல வெயில் அடிக்கிற வாரக்கடைசியில ஒரு தடவ. எந்தப் படகு எடத்த விட்டு நகரவே இல்லங்கறது பாத்தாலே தெரியும்: கட்டியிருக்குற கயிறு தண்ணியத் தொடுற எடத்துல பச்சையா தாடி மொளைச்சிருக்கும், தார்ப்பாய் மேல பறவை எச்சம் காஞ்சு கெடக்கும், தண்ணிக்கோட்டுக்குக் கீழ பாசி தடிமனா படிஞ்சிருக்கும். அந்தப் படகுக்காரன் வாடகை கட்டிட்டு இருக்கான், ஆனா ஒரு நாள் வித்துட்டுப் போயிடுவான். இப்படிப்பட்ட படகு நெறைய இருக்குற மெரினாவ "ஃபுல்"னு எடுத்துக்கிட்டு நாம 300 பெர்த் கட்டினா, அந்த எடமெல்லாம் காலியாகுறப்ப அவங்க வாடகையக் கொறைப்பாங்க, அடி வாங்குறது நாம.

வெயிட்டிங் லிஸ்ட் இன்னும் பெரிய கூத்து. ஒரே ஆளு மூணு மெரினால பேரு குடுத்திருப்பான், முன்பணம் கட்டத் தேவையில்லன்னா குடுக்காம இருப்பானா. கேக்க வேண்டியது லிஸ்ட்ல எத்தனை பேருன்னு இல்ல, போன வருஷம் எத்தனை பேருக்கு எடம் குடுத்தீங்க, கூப்பிட்டப்ப எத்தனை பேர் வேணாம்னாங்க, எந்த சைஸ்ல காத்திருக்காங்கன்னுதான். சைஸ் முக்கியம். பழைய மெரினா எல்லாம் ஒல்லியான படகுங்க காலத்துல கட்டினது, இன்னைக்கு அதே நீளப் படகு அகலத்துல ஊதிப்போச்சு, ரெட்டை உடல் படகான கேட்டமரான் வந்தா 12 மீட்டர் நீளத்துக்கு 6 மீட்டருக்கு மேல அகலம் கேக்கும். அதனால சின்ன பெர்த் காலியா கெடக்கும், பெரிய பெர்த்துக்கு வருஷக்கணக்குல க்யூ நிக்கும், சராசரியாப் பாத்தா 95 சதவீதம்னு அழகா தெரியும்.

அப்பறம் யாரும் போட்டின்னே நெனைக்காத போட்டி ஒண்ணு இருக்கு, ட்ரெய்லர், அதாவது படக ஏத்தி கார் பின்னாடி இழுத்துட்டுப் போற வண்டி. 7, 8 மீட்டருக்குக் கீழ இருக்குற படகுக்காரனுக்கு வீட்டு வாசல்தான் மெரினா, படகத் தண்ணில எறக்குற இலவச சாய்தளம் ஒண்ணு பக்கத்துல இருந்துச்சுன்னா அவன் ஏன் வாடகை கட்டணும்? அவனப் பிடிக்கணும்னா டிரை ஸ்டாக், அதாவது ஷெட்ல அடுக்கி வெச்சு ஃபோன் பண்ணா எறக்கிக் குடுக்குற சேவை வேணும், அதுக்கு வேற நெலம் வேற மெஷின். சாய்தளத்துல ஞாயித்துக்கெழம எத்தனை ட்ரெய்லர் நிக்குதுன்னு எண்ணுறது எந்தக் கேள்வித்தாளவிடவும் நல்ல சர்வே.

வாடகைய ஒப்பிடுறப்ப மீட்டருக்கு எவ்ளோன்னு மட்டும் பாக்காதீங்க. சில எடத்துல படகு நீளத்துக்கு, சில எடத்துல பெர்த் நீளத்துக்கு, மூக்குல நீட்டிக்கிட்டு இருக்குற ஆங்கரையும் பின்னாடி தொங்குற மேடையையும் சேத்து அளப்பாங்க. கரண்ட், தண்ணி, கழிவு உறிஞ்சுறது தனியா இருக்கும். எரிபொருள் எங்க போடுறாங்கன்னும் கேளுங்க, சுத்துவட்டாரத்துல யார்கிட்டயும் ஃபியூவல் டாக் இல்லன்னா அது ஒண்ணே நமக்கு பெரிய பிடி.

அடுத்து, வெளிய போனா போறதுக்கு எடம் இருக்கணும். பாய்மரம் 5 நாட்ல போனா நாலு மணி நேரத்துல 20 கடல் மைல், திரும்பவும் வரணும், ஆக ஒரு நாள் பயணத்துக்கு 10, 12 மைலுக்குள்ள ஒரு தீவோ, நங்கூரம் போட ஒரு மறைவான வளைகுடாவோ வேணும். அந்த வட்டத்துக்குள்ள பக்கத்து மெரினாவே விசிட்டர் பெர்த் வெச்சிருந்துச்சுன்னா அவங்க நமக்குப் போட்டி இல்ல, நம்ம ஆளுங்க போய்த் தங்குற எடம். அவங்க ஆளுங்களும் நம்ம கிட்ட வருவாங்க.

இதெல்லாம் பாத்தப்பறமும் பெர்த் கலவை, அதாவது எந்த சைஸ்ல எத்தனை பெர்த்ங்கறது, சரியா வரும்னு உறுதியா சொல்ல முடியாது. அதனால நான் சொல்றது, மெதக்குற பான்டூன் போடுங்க, ரெண்டு படகுக்கு நடுவுல நீட்டுற குட்டி மேடைய, ஃபிங்கர, தள்ளி வெச்சு அகலத்த மாத்திக்கிற மாதிரி. மொத கட்டத்துல மூணுல ஒரு பங்கு மட்டும் கட்டுங்க, ஆனா அலைதடுப்பும் நுழைவாயும் முழு அளவுக்கு. மீதி பெர்த்த ரெண்டு சீசன் கழிச்சு, எந்த சைஸ் மொதல்ல நிரம்புதுன்னு பாத்துட்டுப் போட்டுக்கலாம்.