மழைக்காட்டு மண்ணில் எண்ணெய்த் தடம் தேடுதல்

மேல் அசாமின் டிக்பாயில் 1889இல் கிணறு தோண்டத் தொடங்கியதற்குக் காரணமே தரைமேல் கசிந்து நின்ற எண்ணெய்தான். கண்ணுக்குத் தெரியாத கசிவை, அதாவது எண்ணெய் இருக்கும் ஆழத்திலிருந்து ஏறி வரும் மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் போன்ற வாயுக்களை, மண்ணில் தேடுவது எங்கள் வேலை. வெடி வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம். ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதை போதும். ஹோலோங் என்ற உயர்ந்த மரங்கள் நிறைந்த இந்தக் காடுகளுக்கு இதைவிட நல்லது இல்லை.

நவம்பர் முதல் மார்ச் வரைதான் வேலைக்கு ஆகும். மழையில் குழாயை உருவுவதற்குள் குழியில் தண்ணீர் நிரம்பிவிடும். முதல் சுற்றில் 500 மீட்டருக்கு ஒரு புள்ளி, சந்தேகப்பட்ட இடத்தில் 100 மீட்டருக்கு ஒன்று. உள்ளீடற்ற இரும்புக் குழாயைச் சம்மட்டியால் 2 மீட்டருக்கு மேல் இறக்கி, களிமண் அடுக்கிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மேல்மண்ணில் சருகு மக்கும் வாயுதான் இருக்கும். தேயிலைத் தோட்டத்து டீசல் பம்பு, வண்டிப் பாதை அருகே எடுக்கவே கூடாது.

ராஜஸ்தான் போன்ற வறண்ட நிலத்தில் நன்றாக வரும் அமில முறை இங்கே காலை வாரிவிடும். சுண்ணாம்பில் சிக்கிய வாயுவைத்தான் பாஸ்பாரிக் அமிலம் விடுவிக்கும். இங்கே மண் அமிலத்தன்மை உடையது, பிஹெச் 5ஐ ஒட்டி இருக்கிறது. சுண்ணாம்பை மழை கரைத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் ஜாடி முறைதான்: மூன்றில் ஒரு பங்கு மண், ஒரு பங்கு செறிந்த உப்புநீர், மீதி காலி. நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்து மூடி, தலைகீழாக வைக்க வேண்டும். மூடியில் கசிவு இருந்தால் தண்ணீர்தான் ஒழுகும், வாயு போகாது. கொல்லி சேர்க்க மறந்த ஜாடியில் ஆய்வகம் போவதற்குள் பாக்டீரியா புரோப்பேனைத் தின்றுவிடும், மீத்தேனையும் புதிதாக உண்டாக்கிவிடும்.

முடிவைப் படிக்கும்போது மீத்தேனை மட்டும் நம்பாதீர்கள். சதுப்பு எங்கும் அது இருக்கும். மீத்தேனை ஈத்தேன்–புரோப்பேன் கூட்டுத்தொகையால் வகுத்து 1000க்கு மேல் வந்தால் பெரும்பாலும் சதுப்பு வாயு, 100க்குக் கீழே என்றால் ஆழத்திலிருந்து வந்திருக்கலாம். எத்திலீன் என்ற வாயு ஈத்தேனைவிட அதிகமாக இருந்தாலும் அது மண்ணின் உயிர் வேலைதான்.

அதே புள்ளியில் 1 மீட்டர் ஆழத்து மண்ணைக் கிருமி நீக்கிய பையில் 4 டிகிரியில் வைத்து, அதிலுள்ள பாக்டீரியாவைப் புரோப்பேனை மட்டுமே உணவாகக் கொடுத்து வளர்த்துப் பாருங்கள். புரோப்பேனைத் தின்னும் வகை நிறைய இருந்தால் கீழிருந்து அந்த வாயு வந்துகொண்டிருக்கலாம். வாயுவும் பாக்டீரியாவும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கை கூடும்.

ஆனால் அங்கேயே கிணறு போட்டுவிடக் கூடாது. நாகா உந்துப்பிளவை, அதாவது ஒரு பாறைத் தொகுதி இன்னொன்றின் மேல் தள்ளப்பட்டு ஏறிய பிளவை, ஒட்டிய பகுதியில் வாயு பிளவு வழியே சாய்வாக ஏறி வருகிறது. எண்ணெய் பல கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கிடக்கலாம். அதிர்வலை கொண்டு நிலத்தடி அடுக்குகளைக் காட்டும் பழைய நில அதிர்வுப் படத்தின் மேல் புள்ளிகளை வைத்துப் பார்த்துத்தான் இடத்தைக் குறிக்க வேண்டும்.