எடிட்டரிடம் போய்வந்த நாவல்

நெல்லைச் சீமையில் ஒரு நாவலை எழுதி முடித்தவருக்கு அதை வாசிக்க ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழாசிரியர் வீட்டு வாசலில்தான் விழ வேண்டும். ஆனால் நம்மைத் தெரிந்த யாரும் நம் பிரதியைப் பற்றி உள்ளதைச் சொல்லமாட்டார்கள். என் சித்தப்பா மகன் வாசித்துவிட்டு, "அருமையா இருக்குக்கா, அழுதுட்டேன்" என்றான். எந்த இடத்திலடே என்று கேட்டேன். "பொதுவாத்தான்" என்றான். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தந்தார். ஒரு பிழைகூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இலக்கியக் கூட்டங்களில் பழக்கமான அண்ணாச்சி முதல் இருபது பக்கம் பார்த்துவிட்டு, "போட்டுரும்மா, நல்லா வரும்" என்றார். போட்டுருவது என்றால் கையிலிருந்து பணம் கட்டிப் போடுவது.

நாவல் முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் நடுவில் வரும். கிட்டத்தட்ட 62,000 சொற்கள். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதிவிட்டு வந்து இரவில் எழுதியது. அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றியவள் என்பதால் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. அந்தத் தாராளம்தான் பின்னால் வினையானது.

ஒரு பதிப்பகத்தில் விசாரித்தபோது, "எடிட்டிங் எல்லாம் உண்டு, ரெண்டு தடவை புரூஃப் பார்ப்போம்" என்றார்கள். தமிழ்ப் பதிப்பில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. மெய்ப்புப் பார்ப்பதையே எடிட்டிங் என்று சொல்லிக்கொள்கிறோம். 1974-இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தில் அதன் நிறுவனர் ராமகிருஷ்ணன் பிரதியை எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசிச் செம்மை செய்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் 2020-இல் மறைந்துவிட்டார். அப்படிப் பொறுமையாக உட்கார எல்லாப் பதிப்பகங்களுக்கும் ஆளும் இல்லை, காசும் இல்லை. ஆகவே வெளியே தனியாக வேலை செய்யும் எடிட்டர் யாரையாவது பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

தேடும்போதுதான் இதில் பல வகை இருப்பது தெரிந்தது. முழுப் பிரதியையும் வாசித்து எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று அறிக்கையாக எழுதித் தருவது ஒன்று. அத்தியாயங்களை மாற்றி, வெட்டி, ஒட்டச் சொல்லிக் கட்டமைப்பில் கை வைப்பது இன்னொன்று. அதன் பிறகுதான் வாக்கியத் திருத்தம். அதற்கும் பின்னால் எழுத்துப் பிழை, ஒற்று, மெய்ப்பு. முதல் நாவல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதைக் கேட்டு வாங்குகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது காசைக் கரியாக்குவது. எந்த அத்தியாயம் இருக்கும், எது போகும் என்று தெரியாத பிரதியில் வாக்கியத்தைத் திருத்தி என்ன ஆகப்போகிறது? நான் அறிக்கை மட்டும் போதும் என்றேன். செலவும் அதில்தான் குறைவு. என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குள் அடங்கியது.

ஆளைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சமீபத்தில் வந்த நாவல்களின் 'நன்றி' பக்கத்தை வாசியுங்கள். செம்மையாக்கத்துக்கு உதவியவர் என்று ஒரு பெயர் அங்கே ஒதுக்குப்புறமாக இருக்கும். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து அப்படிச் சில பெயர்களைக் குறித்து வந்தேன். அதில் இருவர் பதில் போட்டார்கள். இருவரிடமும் ஒரே அத்தியாயத்தை அனுப்பி, நாலைந்து பக்கத்துக்கு மாதிரி பார்த்துத் தர முடியுமா, அதற்கான காசைத் தந்துவிடுகிறேன் என்று கேட்டேன்.

முதலாமவர் அனுப்பிய கோப்பைத் திறந்ததும் கண் கூசியது. திருத்தியதையெல்லாம் வண்ணத்தில் காட்டும் டிராக் சேஞ்சஸில் பக்கம் முழுக்கச் சிவப்பு. "ஆச்சி வந்தாவ" என்று நான் எழுதியதெல்லாம் "பாட்டி வந்தார்கள்" ஆகியிருந்தது. உழைப்பு என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. இரண்டாமவர் பிரதியில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. ஓரத்தில் ஏழெட்டுக் கேள்விகள் மட்டும். அதில் ஒன்று: "இந்தப் பக்கத்தில் ஒரே ஆச்சி 'வந்தாவ', 'வந்தாக', 'வந்தாங்க' என்று மூன்று விதமாகச் சொல்கிறாள். மூன்றும் அவள் பேச்சுதானா?" நான் அவரையே பிடித்துக்கொண்டேன். மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர், சென்னையில் இருக்கிறார். நெல்லைப் பேச்சு தெரிந்த எடிட்டர்தான் வேண்டும் என்று முதலில் நினைத்திருந்தேன். தெரியாதவர் கேட்டதுதான் எனக்கு உபயோகமாக இருந்தது.

வேலை தொடங்குமுன் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதிக்கொண்டோம். எத்தனை பக்க அறிக்கை, எப்போது வரும், அதன் பிறகு ஒருமுறை போனில் பேசலாமா, பாதிப் பணம் முன்னால், மீதி அறிக்கை வந்த பின்னால், பிரதியை வேறு யாரிடமும் காட்டக் கூடாது. எங்கள் மாமா மட்டும், "முழுக் கதையையும் அனுப்புதியே, அவங்க பேர்ல போட்டுட்டா?" என்று பயமுறுத்திக்கொண்டே இருந்தார். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை என்று சொன்னேன். தேதி போட்ட மின்னஞ்சலும் கையில் இருக்கிறது. மாமாவுக்குத் திருப்தியில்லை. அம்மாவின் கேள்வி வேறு. "ஏட்டி, கடையில கட்டு கழிக்கிற மாதிரியா? அதுக்கு நாமளே துட்டும் குடுக்கணுமா?" சுற்றிய பீடியை வாங்கும் கடையில் சரியில்லாத கட்டைத் தள்ளிவிடுவதைத்தான் சொன்னாள்.

பிரதியை அனுப்புவதில் ஒரு தொல்லை வந்தது. பழைய அத்தியாயங்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன், பிந்தியவை இப்போது எங்கும் புழங்கும் யூனிகோடு. எழுத்துரு மாற்றியில் போட்டு எல்லாவற்றையும் யூனிகோடாக்கி, நாயகி பெயர் சௌந்தரத்தைத் தேடினால் பாதி நாவலில் அவளைக் காணவில்லை. கண்ணுக்கு எல்லாம் சௌந்தரம்தான். உள்ளே பார்த்தால், 'சௌ' ஒரே எழுத்தாக இல்லாமல் 'செ'யும் பக்கத்தில் 'ள'வுமாக உட்கார்ந்திருந்தது. மற்றச் சொற்கள் சிலவற்றில் துணைக்காலுக்குப் பதில் 'ர' வேறு. கண் ஏமாறும், கணினி ஏமாறாது. பழைய எழுத்துருவில் வைத்திருப்பவர்கள் அனுப்புமுன் முக்கியமான பெயர்களை ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள். எடிட்டரின் நேரத்துக்கு நாம்தான் காசு கொடுக்கிறோம். அதை எழுத்துருச் சண்டையில் செலவழிக்கக் கூடாது.

அறிக்கை சொன்ன நாளுக்கு வந்தது. பதினொரு பக்கம், கூடவே ஒரு அட்டவணை: ஒவ்வொரு அத்தியாயமும் எந்த வருஷம், எந்த மாதம், யார் கண் வழியாகப் போகிறது, அதில் என்ன மாறுகிறது. அட்டவணையின் கடைசிப் பத்தியில் ஆறேழு அத்தியாயங்களுக்கு நேராக ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம். பதினொரு பக்கத்தைவிட அந்தக் கோடுகள்தான் என்னைச் சுட்டன.

அறிக்கையில் முதலில் நல்லவை. அதை நான் வேகமாகத் தாண்டினேன், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் இப்படி இருந்தது: "நான்காம் அத்தியாயத்தில் சௌந்தரம் கடைக் கணக்குப்பிள்ளையை எதிர்த்துக் கேட்கும் இடத்தில்தான் எனக்கு நாவல் தொடங்கியது. அதற்கு முன் 38 பக்கம் காத்திருந்தேன்." அடுத்தது: "பீடி சுற்றுவது எப்படி என்று மூன்று பக்கம் இருக்கிறது. யார் சுற்றுகிறார் என்பது அதில் இல்லை."

அந்த மூன்று பக்கத்தை ஊரில் எல்லோரும் புகழ்ந்திருந்தார்கள். இலையை நனைத்து ஈரத்துணியில் பொதிவது, தகடு வைத்துக் கத்திரியால் வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்குவது, இருபத்தைந்து சேர்த்து ஒரு கட்டு. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக மட்டும் இருந்தது. இப்போது அந்த இடம் அரைப் பக்கம். புருஷனோடு சண்டை போட்ட ராத்திரி சௌந்தரம் நூலை இழுத்து இழுத்துக் கட்டுகிறாள்; பீடி இறுகிப்போகிறது. மறுநாள் கடையில் இரண்டு கட்டைக் கழித்துவிடுகிறார்கள். இலையும் தூளும் தகடும் அதற்குள்ளேயே வந்துவிட்டன.

அறிக்கை வந்த சூட்டோடு பதில் எழுதிவிடாதீர்கள். நான் அதை அச்செடுத்து, ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் 'ஆமாம்', 'இல்லை', 'பார்க்கணும்' என்று பென்சிலால் எழுதினேன். 'இல்லை' என்று எழுதியவற்றில் பாதி, அடுத்த வாரம் 'பார்க்கணும்' ஆனது. போனில் பேசும்போது அந்தத் தாள் கையில் இருந்ததால் நேரம் வீணாகவில்லை. ஏன் இதை எழுதினேன் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தபோதெல்லாம் அவர், "அது பிரதியில எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பெரும்பாலும் எந்தப் பக்கத்திலும் இல்லை. என் மனசில்தான் இருந்தது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. வெள்ள அத்தியாயத்தில் சௌந்தரம் ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார். உண்மை. அவள் கடைக்கு ஓடித் தன் பாஸ்புக்கை எடுத்துவரலாமே என்று யோசனையும் சொன்னார். அது நடக்காது. ராத்திரி ஆற்றங்கரைத் தெருவில் தண்ணீர் ஏறும்போது எந்தப் பொம்பளையும் பூட்டிக் கிடக்கிற கடைக்கு ஓடமாட்டாள். "மேடம், எங்க ஊர்ல இது நம்புற மாதிரி இருக்காது" என்றேன். "சரி, அப்ப அவ என்னதான் செய்வா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் அலைந்தேன். இப்போதைய பிரதியில் வீட்டுக்குள் ஒரு வாரத்து பீடியும் இலைச் சாக்கும் இருக்கின்றன. மச்சில் ஏற்ற ஒரு நடைதான் நேரம் இருக்கிறது. பக்கத்தில் மாமியாரின் தகரப்பெட்டி. எதை அவள் தூக்கினாள் என்பதைச் சொல்லிவிட்டால் நீங்கள் புத்தகம் வாங்கமாட்டீர்கள்.

புத்தகத்தின் பின்னால் வட்டாரச் சொற்களுக்குப் பொருள் தரும் பட்டியல் வைக்கலாம் என்பதையும் மறுத்துவிட்டேன். பேச்சு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னபடி ஒரு தாள் தயாரித்தேன். அம்மாவைப் பேசவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஆச்சியும் அம்மாவும் 'வந்தாவ'. கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த மருமகளுக்கு 'வந்தாக'. பட்டணத்தில் வேலை பார்க்கிறவனுக்கு 'வந்தாங்க'. உரையாடலில் ஒற்று காதுக்குக் கேட்டால் மட்டும். கதைசொல்லிக்குப் பொதுத்தமிழ், அதுவும் திட்டும்போது தளரலாம். ஒரு பக்கத் தாள்தான். ஆனால் யார் பேசுகிறார் என்று ஒவ்வொரு வரியிலும் சொல்ல வேண்டிய தேவையே அதனால் போய்விட்டது.

தகவல் பிசகுகளை அறிக்கையில் இலவச இணைப்பு மாதிரி கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு வண்ணார்பேட்டையில் மாநகராட்சி லாரி தண்ணீர் கொண்டுவருகிறது என்று இருந்தது. திருநெல்வேலி மாநகராட்சி ஆனது 1994-இல். அதேபோல் சௌந்தரம் ஏறும் பஸ்ஸில் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் அது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். தலைவர்கள் பெயரை எடுத்தது 1997-இல். கட்டபொம்மன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள் நான். மயிலாடுதுறைக்காரர் சென்னையில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறார். பழைய ஊரை எழுதுகிறவர்கள் சொந்த ஞாபகத்தை நம்பக் கூடாது என்றல்ல. இன்றைக்குப் பார்க்கிற பெயர்ப்பலகை ஞாபகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது.

திரும்ப எழுத, அறிக்கைக்குக் காத்திருந்ததைவிட வெகுகாலம் ஆனது. முதல் மூன்று அத்தியாயங்கள் போயின. அவற்றிலிருந்து பிழைத்தது ஆச்சியின் ஒரு வசவும் ஒரு கல்யாணமும்தான். இரண்டு அத்தைகள் ஒரே அத்தை ஆனார்கள். 62,000 சொல் 51,000 ஆயிற்று. அதன் பிறகு வாக்கியத் திருத்தத்துக்கு முழுப் பிரதியையும் கொடுக்காமல் முதல் இரண்டு அத்தியாயத்தை மட்டும் கொடுத்தேன். என் பழக்கங்கள் என்னென்ன என்று அதிலேயே தெரிந்துவிட்டது: பத்திக்குப் பத்தி 'ஏதோ ஒரு', எதைச் சொன்னாலும் மூன்று உவமை, அத்தியாயம் முடியும்போதெல்லாம் யாராவது ஆற்றைப் பார்ப்பது. மீதியை நானே களைந்தேன். காசில்லாதவர்களுக்கு இந்த வழியைத் தைரியமாகச் சொல்வேன்.

பிரதி இப்போது ஒரு பதிப்பகத்தில் இருக்கிறது. பணம் கேட்கவில்லை, பத்து சதவீதம் ராயல்டி பேசியிருக்கிறார்கள். தலைப்பை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள். எடிட்டரும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதைத்தான் சொல்லியிருந்தார். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.