ஒரே ஒரு ஆடிட் பாரா: மெயின்ஸுக்கு நாடாளுமன்றக் குழுக்களை நான் படித்த விதம்

யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் இரண்டாம் கட்டமான மெயின்ஸ் எழுத்துத் தேர்வில், 2021 மெயின்ஸ்தான் எனக்கு முதல். 2022 ஜனவரியில் சென்னையில் எழுதினேன். ஜிஎஸ்-2 (பொது அறிவு இரண்டாம்) தாளில், துறைசார் நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் நிர்வாகத்தை விழிப்போடு வைத்திருக்கின்றனவா, நாடாளுமன்றக் கட்டுப்பாட்டின் மேல் பயபக்தியை உண்டாக்குகின்றனவா என்று 15 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்தது. தகுந்த எடுத்துக்காட்டுகளோடு மதிப்பிடச் சொல்லியிருந்தார்கள். கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். 1993-ல் 17 குழுக்கள், 2004-ல் 24 ஆனது, குழுவுக்கு 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. எல்லாம் மனப்பாடம். மளமளவென்று எழுதி முடித்தேன்.

அந்தத் தாளில் எனக்குக் கிடைத்தது 250-க்கு 84.

ஊருக்கு வந்து அதே பதிலை நோட்டில் மறுபடி எழுதி அம்மாவிடம் காட்டினேன். அம்மா கொங்குப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். முழுக்கப் படித்துவிட்டு, "குழுவுல எத்தன பேருன்னு எழுதியிருக்கே. அவங்க கேட்ட கேள்விக்கு ஆபீசர் என்ன பதில் சொன்னாரு, கடைசியில அந்தப் பாரா என்னாச்சு, அது ஒண்ணுமே இல்லியே கண்ணு?" என்றார். நான் படித்த எந்தப் புத்தகமும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேள்வித்தாள் எடுத்துக்காட்டு கேட்டிருந்தது. நான் ஒன்றுகூடத் தரவில்லை.

இந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குழுக்களைப் பட்டியலாகப் படிக்காதீர்கள். தணிக்கையாளர் ஒரு குறையைச் சுட்டி எழுதும் ஒரு தணிக்கைப் பத்தியை, ஆபீஸ் மொழியில் ஒரு ஆடிட் பாராவை, எடுத்துக்கொண்டு அது எங்கே பிறந்து எங்கே முடிகிறது என்று கூடவே போய்ப் பாருங்கள். குழுக்கள் எல்லாம் வழியில் தாமாகவே வந்துவிடும்.

பள்ளி விட்டதும் அம்மாவின் அலுவலகத்துக்குத்தான் போவேன். ஆடிட் வரும் வாரங்களில் அங்கே யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். ஜன்னலோரம் ஒரு மேசையைத் துடைத்து, மின்விசிறியைத் திருப்பி வைத்து, வவுச்சர் கட்டுகளையும், செய்த வேலையை அளந்து பதியும் எம்-புக்குகளையும் அடுக்கி வைத்திருப்பார்கள். தணிக்கையாளர் ஒவ்வொரு வவுச்சராகப் புரட்டிப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போவார். ஒரு தாளில் பென்சில் நின்றுவிட்டால் அறை முழுக்க அதைக் கவனிக்கும். ஒருமுறை அப்படி நின்றது ஒரு மோட்டார் வாங்கிய வவுச்சரில். ஒப்பந்தப்புள்ளி, ஒப்புதல், ரசீது எல்லாமே சரியாக இருந்தன. "மோட்டார் எங்கே?" என்றார். கிடங்கில் இருந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டியாகிவிட்டது, மின் இணைப்புக்கு மட்டும் யாரும் பணம் கட்டவில்லை. இரண்டு வருடமாக அந்தத் தெருப் பெண்கள் அடுத்த தெருவில்தான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வவுச்சரில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் செலவு வீண். அது தணிக்கைத் தடையாக எழுதப்பட்டது.

உள்ளாட்சித் தணிக்கை வேறு, சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கை வேறு. ஆனால் தர்க்கம் ஒன்றுதான். அந்த மோட்டாரை மனதில் வைத்துக்கொண்டு, படிப்பில் டெல்லி நாடாளுமன்றத்துக்குப் போனேன்.

முதலில் பணம் எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். அரசியலமைப்பின் சரத்து 112-ல் ஆண்டு நிதிநிலை அறிக்கை. 113-ல் மானியக் கோரிக்கைகள், அதாவது அமைச்சகங்கள் கேட்கும் தொகைகள், மக்களவையின் வாக்குக்கு வருகின்றன. 114-ன்படி நிதி ஒதுக்கச் சட்டம் இல்லாமல், அரசின் வருவாய் சேரும் தொகுநிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஏட்டளவில் இது இறுக்கமான பூட்டு. கொள்கையையே ஏற்காத உறுப்பினர், கோரிக்கைத் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் தரலாம். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். நடப்பில் நேரம் தீர்ந்ததும் கில்லட்டின் விழுகிறது. மீதிக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறிவிடும். 2018 மார்ச் 14 அன்று அமளிக்கு நடுவே எல்லாக் கோரிக்கைகளும் அப்படித்தான் நிறைவேறின. சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான 2023-24 பட்ஜெட்டின் கோரிக்கைகளும் விவாதமின்றியே போயின. குழுக்கள் ஏன் தேவை என்று கேட்டால், 'அவைக்கு நேரமில்லை, நிபுணத்துவமில்லை' என்று எல்லோரும் எழுதும் வரிக்குப் பதில் இந்த இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்.

இதன் பிறகு குழுக்களைக் காலக்கோட்டில் வைத்தால் குழப்பம் தீரும். துறைசார் நிலைக்குழு, பணம் ஒதுக்கும் முன்பே கோரிக்கைகளைப் பார்க்கிறது. மதிப்பீட்டுக் குழு, நிதியமைச்சர் ஜான் மத்தாய் சொல்லி 1950-ல் வந்தது, 30 பேரும் மக்களவையினர். அரசு வகுத்த கொள்கைக்குள் எங்கே சிக்கனம் செய்யலாம் என்று தேடுவது அதன் வேலை. பொதுக் கணக்குக் குழு செலவான பிறகு வருகிறது. மூவரில் மூத்ததும் அதுதான். 1919 சட்டத்தையொட்டி 1921-லேயே பிறந்தது. இன்று 22 பேர், அமைச்சருக்கு இடமில்லை, பதவி ஓராண்டு. 1967-ல் மினு மசானி தொடங்கி, எதிர்க்கட்சிக்காரரே தலைவர் என்பது மரபு. பொது நிறுவனங்கள் குழு 1964-ல் வந்தது. அதற்கு நான் ஒரு பக்கத்துக்கு மேல் குறிப்பு எடுக்கவில்லை, அதுவே போதுமாக இருந்தது.

இனி நம்முடைய பாரா. சிஏஜி அறிக்கை சரத்து 151-ன்படி குடியரசுத் தலைவருக்குப் போய், அவர் வழியாக இரு அவைகளிலும் வைக்கப்படுகிறது. மாநிலத்துக்கு ஆளுநர், சட்டமன்றம். அறிக்கைகளில் இருக்கும் எல்லாப் பாராவையும் குழு விசாரிப்பதில்லை, சிலவற்றைத்தான் எடுக்கிறது. முன்னால் வந்து உட்கார்ந்து பதில் சொல்கிறவர் துறைச் செயலர், அமைச்சர் அல்ல. கூட்டம் மூடிய அறையில் நடக்கும். வெளிப்படைத்தன்மையைக் கேட்கிற குழுவே கதவைச் சாத்திக்கொள்வது எனக்கு முதலில் உறுத்தியது. கேமரா இல்லாததால்தான் உறுப்பினர்கள் கட்சிக் குரலை விட்டுக் கணக்கைப் பேசுகிறார்கள் என்று பல அறிக்கைகளைப் படித்த பிறகு புரிந்தது. மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழு போன்ற நிதிக் குழுக்களின் அறிக்கையில் மாற்றுக் கருத்துக் குறிப்பு சேர்ப்பதில்லை, துறைசார் குழுக்களில் உண்டு. இந்த வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

ஒதுக்கியதைவிட அதிகம் செலவாகிவிட்டால் சரத்து 115-ன் மிகைமானியம். பொதுக் கணக்குக் குழு பார்த்துப் பரிந்துரைத்த பிறகே அது மக்களவைக்கு வாக்குக்கு வரும். 100 கோடி ரூபாய்க்கு மேல் மிச்சமானாலும் துறை விளக்கம் தர வேண்டும். மிச்சப்படுத்தியதற்கு எதற்கு விளக்கம் என்று அம்மாவிடம் கேட்டேன். "மிச்சம்னா அந்தத் தெருவுக்கு லைட்டு வரலைன்னு அர்த்தம்" என்றார். மார்ச் 31 ராத்திரி கருவூலத்தில் பில்லோடு காத்திருந்த அனுபவம் அவருக்கு உண்டு. பணத்தை மார்ச் வரை வைத்திருந்து அவசரமாகக் கொட்டுவதைத் தடுக்கத்தான் மத்திய நிதியமைச்சகம் கடைசிக் காலாண்டுச் செலவுக்கு 33%, மார்ச்சுக்கு மட்டும் 15% என்று வரம்பு வைத்தது. இந்த இரண்டு எண்களும் பதிலில் நல்ல எடை பெறும்.

அடுத்து எடுத்துக்காட்டுகள். மூன்று போதும், ஆனால் மூன்றையும் அடிவரை தெரிந்துவைத்திருக்க வேண்டும். துறைசார் குழுவுக்கு நான் வைத்திருந்தது, பாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான வேளாண் நிலைக்குழு 2012 ஆகஸ்டில் மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றித் தந்த அறிக்கை. ஆளுங்கட்சி உறுப்பினர்களும் இருந்த ஒரு குழு, அரசின் போக்கையே கேள்வி கேட்டது. மதிப்பீட்டுக் குழுவுக்கு, 2018-ல் வாராக் கடன் குறித்து ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜனிடம் அது எழுத்தில் விளக்கம் பெற்றது.

மூன்றாவது 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு. இதைத்தான் பெரும்பாலோர் தவறாக எழுதுகிறார்கள். 2010 நவம்பரில் வந்த சிஏஜி அறிக்கை, உத்தேச இழப்பாகப் பல கணக்குகளைத் தந்தது. அவற்றில் பெரியதான 1.76 லட்சம் கோடி மட்டும் மனதில் தங்கிவிட்டது. முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. 2011 ஏப்ரலில் வரைவு அறிக்கையைக் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் நிராகரித்தார்கள். ஜோஷி அதைச் சபாநாயகர் மீரா குமாரிடம் கொடுத்தார், மீரா குமார் திருப்பி அனுப்பினார். கட்சி பார்க்காத ஒருமித்த அறிக்கை என்ற மரபு உடைந்த இடம் இது. தனியாகப் பி.சி. சாக்கோ தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவும் உட்கார்ந்தது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. 'தணிக்கை வென்றது' என்றோ 'தணிக்கை பொய்த்தது' என்றோ எழுதினால் பாதி உண்மைதான். ஒதுக்கிய முறை சரியா என்பது ஒரு கேள்வி, யாராவது குற்றம் செய்தார்களா என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்தால், தன் அதிகாரத்தைச் சொல்லும் சரத்து 149-ன் எல்லையைத் தாண்டி சிஏஜி கொள்கையைத் தணிக்கை செய்யலாமா என்ற 2016 கேள்விக்கும், பொதுக் கணக்குக் குழுவின் பங்கு பற்றிய 2017 கேள்விக்கும் சேர்த்தே தயாராகிவிடுவீர்கள்.

உறுப்பினர்களின் நடத்தையைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவை, அறநெறித் தாளான ஜிஎஸ்-4-க்கும் சேர்த்துப் படியுங்கள். மாநிலங்களவையில் 1997-ல் வந்தது, மக்களவையில் 2000-ல். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் மக்களவையிலிருந்து 10 பேர், மாநிலங்களவையிலிருந்து ஒருவர் நீக்கப்பட்டதும், அந்த அதிகாரத்தை ராஜா ராம் பால் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றதும் போதுமான அடித்தளம்.

தகவல் உரிமையைப் பலர் தனிப் பாடமாக வைத்திருப்பார்கள். அதுவும் இதே பாராவின் பாதையில்தான் இருக்கிறது. தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் போட்டது, மத்தியச் சட்டம் 2005-ல். தனிநபர் தகவலுக்கு விலக்குத் தரும் அதன் 8(1)(j) பிரிவின் கடைசியில் ஒரு வாசகம் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனிநபருக்கும் மறுக்கக் கூடாது. உறுப்பினரையும் குடிமக்களையும் ஒரே வரிசையில் நிறுத்திய வாசகம் அது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 44(3) வழியாக 8(1)(j)-ஐ மாற்றி எழுதியபோது அதை எடுத்துவிட்டது. பொதுநலனுக்காகத் தகவல் தர வழிசெய்யும் 8(2) அப்படியே இருக்கிறது என்பது அரசுத் தரப்பு வாதம். தேர்வில் இரண்டையும் எழுதுங்கள். அந்த வாசகம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். கேள்வியின் உயிர் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. முதல் முறை 'பயபக்தி' என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாதபோது அந்தப் பயபக்தி எங்கிருந்து வரும் என்பதுதான் அங்கே கேள்வி. அதனால் தாளைக் கையில் வாங்கியதும் அந்தச் சொல்லைத் தமிழில் ஓரமாக எழுதிவிட்டுத்தான் பதிலைத் தொடங்குவேன். சிஏஜி, பாரா போன்ற சொற்களை அப்படியே எழுதினேன், அதனால் எந்தக் குறையும் வரவில்லை. இருபது கேள்விக்கு மூன்று மணி நேரம், ஆகவே வீட்டில் கடிகாரம் வைத்து ஒன்பது நிமிடத்துக்கு ஒரு பதில் எழுதிப் பழகினேன்.

2024 மெயின்ஸில் வந்தது: செலவு சட்டப்படி இருக்கிறதா என்பதோடு, முறையானதா என்று பார்ப்பதும் சிஏஜியின் கடமை, கருத்துரைக்க. எனக்குக் கிடங்கில் கிடந்த மோட்டார்தான் கண்முன் வந்தது. பொது நிதி விதிகளில் ஒரு வரி உண்டு: விவேகமுள்ள ஒரு மனிதர் தன் சொந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது காட்டும் கவனத்தை, அரசுப் பணத்தைச் செலவழிக்கும் அதிகாரியும் காட்ட வேண்டும். அந்த வரியில் தொடங்கினேன். வவுச்சர் சரியாக இருந்தும் பயன்படாத சொத்தை உதாரணம் காட்டி, 2ஜி வழியாகப் போய், பொதுக் கணக்குக் குழுவில் முடித்தேன். அந்தத் தாளில் 107 வந்தது, பட்டியலில் பெயரும் வந்தது.

நீங்கள் தொடங்கும்போது, நாடாளுமன்ற இணையதளத்தில் பொதுக் கணக்குக் குழுவின் ஏதாவதொரு நடவடிக்கை அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். மூல அறிக்கை வந்து ஆறு மாதத்துக்குள் அரசு பதில் தர வேண்டும், அந்தப் பதில்கள் மேல் குழு எழுதுவதுதான் இது. இரண்டாம் அத்தியாயத்தில் அரசு ஏற்றுக்கொண்டவை, மூன்றாவதில் பதிலைப் பார்த்துக் குழுவே விட்டுவிட்டவை, ஐந்தாவதில் இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை. நான்காவதை முதலில் திறங்கள். அரசு தந்த பதிலை ஏற்காமல் குழு மறுபடி வலியுறுத்தியவை அங்கேதான் இருக்கின்றன. கேள்வி, பதில், மறுகேள்வி என்று ஒரு பாராவை எடுத்து நோட்டில் எழுதுங்கள். அம்மாவுக்கு நான் முதலில் வாசித்துக் காட்டியதும் அந்த நான்காம் அத்தியாயத்தைத்தான். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "இன்னும் முடியலையா அது? அப்ப அடுத்த அறிக்கையையும் எடு."