மந்தக் காலச் சிங்கப்பூரின் வரவும் செலவும்: விடை எழுதப் போகிறவர்களுக்கு

“1929க்குப் பின் வந்த பொருளாதார மந்தம் சிங்கப்பூரின் அரசு நிதியை எப்படிப் பாதித்தது?” முதுகலைப் பொருளாதார வரலாற்றுத் தாளிலும் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்விலும் சொல்லை மாற்றி மாற்றி வரும் கேள்வி இது. பத்தில் எட்டு விடைகள் ஒரே மாதிரி இருக்கும்: ரப்பர் விலை விழுந்தது, வெள்ளீய விலை விழுந்தது, அரசு வருவாய் குறைந்தது, செலவை வெட்டினார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ரப்பர் விலை விழுந்தால் சிங்கப்பூர்க் கஜானாவுக்கு ஏன் வலிக்க வேண்டும்? அது தீர்வையில்லாத் துறைமுகம் ஆயிற்றே! வெள்ளீயத்துக்கும் ரப்பருக்கும் தீபகற்பத்தில் ஏற்றுமதித் தீர்வை வாங்கியது, சிங்கப்பூரோடு சேராமல் தனியே இருந்த கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு. இடையில் விட்டுப்போன அந்தக் கண்ணியைக் காட்டுகிறவருக்குத்தான் மதிப்பெண்.

முதலில் யாருடைய கணக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூருக்கென்று தனி வரவு செலவுத் திட்டம் கிடையாது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலியவை சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் என்ற காலனிக்கு ஒரே கணக்கு. 1931 கணக்கெடுப்பில் காலனி முழுவதும் ஏறத்தாழ 11 லட்சம் பேர், அதில் ஏறத்தாழ பாதி சிங்கப்பூரில். காலனியின் வருவாயைச் சிங்கப்பூர் மக்கள்தொகையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று எழுதினால் விடை இரண்டு மடங்காகிவிடும். ஆய்வேடுகளிலேயே இந்தப் பிழை உண்டு.

காலனி அரசின் கணக்குக்கு வெளியே நிற்பவை இன்னும் சில. சிங்கப்பூர் நகராட்சி வீட்டு வரி, குடிநீர், மின்சாரம், எரிவாயுக் கட்டணங்களைத் தனியே வாங்கித் தனியே செலவிட்டது. துறைமுக வாரியத்துக்குத் தன் கணக்கு. 1932 மே மாதம் திறந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை மந்தத்திலும் காலனி அரசு கட்டியதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே கட்டியது. செம்பவாங் கடற்படைத் தளத்தின் செலவு லண்டனுடையது. அதில் மலாய் மாநிலங்கள் 20 லட்சம் பிரிட்டிஷ் பவுனும் நியூசிலாந்து 10 லட்சம் பவுனும் தர ஒப்புக்கொண்டன, காலனி நிலத்தைக் கொடுத்தது. தளத்தில் வேலை நடந்ததால் ஊருக்குள் கூலிப்பணம் புழங்கியது என்று எழுதலாம். அரசுச் செலவுப் பட்டியலில் அதைச் சேர்க்கக் கூடாது.

இனி வருவாய். பொதுச் சுங்க வரி இல்லை, வருமான வரி இல்லை. முதல் உலகப் போரின்போது ஒரு போர் வரி வந்து போனது. அமைதிக் கால வருமான வரி சிங்கப்பூருக்கு வந்தது 1948இல்தான். அப்படியானால் அரசு எதில் வாழ்ந்தது? அபினி, மது, புகையிலை, பெட்ரோலியம் ஆகியவற்றின் மீதான வரிகளிலும், முத்திரைக் கட்டணம், உரிமக் கட்டணம், நில வாடகை, வட்டி ஆகியவற்றிலும். 1910 முதல் அபினியை அரசே காய்ச்சி விற்றது. பாசிர் பாஞ்சாங் பக்கத்தில் அடைப்புக் குழாய்களில் நிரப்பி, அரசுக் கடைகளில் விற்ற சரக்குக்குப் பெயர் சந்து. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் காலனி வருவாயில் ஏறத்தாழ பாதி இதிலிருந்து வந்தது. 1920களில் பங்கு குறைந்துகொண்டே வந்தாலும், மந்தம் வந்தபோதும் இது பெரிய தலைப்புதான்.

கண்ணி இங்கேதான் இருக்கிறது. சந்து வாங்கியவர் யார்? பெரும்பாலும் தனியாக வந்திறங்கிய சீன ஆண் கூலித் தொழிலாளர்: ரிக்‌ஷா இழுத்தவர், படகில் மூட்டை சுமந்தவர், சுரங்கத்தில் வேலை செய்தவர். மலிவு மதுவுக்கும் புகையிலைக்கும் வாடிக்கையாளர்களில் அவர்களே மிகுதி. ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்திலும் சுரங்கத்திலும் கூலி குறைந்தது, சரக்குப் போக்குவரத்து சுருங்கியது, துறைமுகக் கூலி சுருங்கியது. தீர்வை வழியாக வராத அடி, தொழிலாளியின் சட்டைப்பை வழியாகக் கஜானாவுக்கு வந்தது. இந்த ஒரு வாக்கியம் இல்லாத விடை பாதி விடைதான்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 1928இன் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1930 ஆகஸ்டிலிருந்து அரசு நடைமுறைப்படுத்தியது. வயது வந்த சீன ஆண் தொழிலாளருக்கு மாதம் சுமார் 6,000 என்று தொடங்கிய அளவு, 1932இல் 1,000 ஆகச் சுருங்கியது. 1927இல் ஏறத்தாழ 3.6 லட்சம் சீனர் வந்திறங்கிய மலாயாவுக்கு 1933இல் வந்தவர் 28,000க்கும் குறைவு. 1933இல் வெளிநாட்டவர் வருகையைக் கட்டுப்படுத்தும் அந்நியர் சட்டம் வந்து பிடி மேலும் இறுகியது. வேலையற்றோர் தெருவில் சேராமல் இருக்கவும், நிவாரணச் செலவைத் தவிர்க்கவும் எடுத்த நடவடிக்கை இது. அதே நடவடிக்கை வரி கொடுக்கும் தலைகளையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. பெண்களுக்கு அப்போது வரம்பு இல்லாததால் 1930களில் சீனப் பெண்கள் கூடுதலாக வந்தார்கள். குடும்பமாக வாழும் மக்கள்தொகையில் சந்து விற்பனை முன்போல் ஓடாது என்பது ஊகம்தான். விடையில் எழுதினால் ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

தமிழ்த் தொழிலாளர் பற்றித் தனிப் பத்தி எழுத ஆசை வரும். எழுதலாம், அளவோடு. பயணச் செலவு கொடுத்து ஆள் வரவழைக்கும் உதவிப் பயணக் குடிவரவு 1930இல் நிறுத்தப்பட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர், பெரும்பாலும் தமிழர், நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்தக் கப்பல் செலவை “அரசின் நலச் செலவு” என்று எழுதிவிடாதீர்கள். தோட்ட முதலாளிகளிடம் தலைக்கணக்கில் வசூலித்து நடத்திய இந்தியக் குடிவரவு நிதியம் என்று ஒன்று இருந்தது. அதன் கணக்கு பொது வருவாயில் சேராது. ஓர் ஆண்டில் அரசு அதற்கு முன்பணம் கொடுத்திருந்தால் அது முன்பணத் தலைப்பில் தெரியும், அங்கே பாருங்கள்.

மூலத்தை எப்படிப் படிப்பது? ஆண்டுதோறும் வந்த நீல நூலும் (அரசின் புள்ளிவிவரத் தொகுப்பு) காலனியின் ஆண்டறிக்கையும் போதும். நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்தியக் கணக்கோடு ஒப்பிடுகிறவர்கள் ஏப்ரல்-மார்ச் என்று எண்ணிக்கொண்டு ஓராண்டு தள்ளி எழுதிவிடுகிறார்கள். 1928 முதல் 1935 வரை எட்டு வரிசை போடுங்கள். மொத்த வருவாய், அபினி, மது, புகையிலை, பெட்ரோலியம், நிலமும் வட்டியும், பிற என்று வருவாய்க்கு ஏழு நெடுவரிசை. செலவுக்கு ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், இராணுவப் பங்களிப்பு (பாதுகாப்புக்காக லண்டனுக்குக் கொடுத்தது), பொதுப்பணி வழக்கச் செலவு, பொதுப்பணிச் சிறப்புச் செலவு (புதுக் கட்டுமானம்), பிற. 1929ஐ 100 என்று வைத்துக் குறியீடு போட்டால், எது முதலில் விழுந்தது, எது விழவே இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

கவனிக்க வேண்டிய மூன்று குழிகள் உண்டு. ஒன்று, அபினி வரவு மொத்த விற்பனைத் தொகை. கச்சா அபினி வாங்கியது, காய்ச்சியது, குழாயில் அடைத்தது எல்லாம் செலவுப் பக்கத்தில் வேறு தலைப்பில் இருக்கும். அதைக் கழித்தால்தான் நிகரம். இந்தியா 1926க்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏற்றுமதியைக் குறைத்து 1935 முடிவில் நிறுத்தியது, ஆகவே கொள்முதல் செலவும் ஒரே சீராக இருக்காது.

இரண்டாவது, நிதிய மாற்றங்கள். அபினி வருவாய் ஒருநாள் நின்றுபோகும் என்று 1925இல் ஒரு மாற்று நிதியம் தொடங்கினார்கள். 3 கோடி வெள்ளியை (காலனியின் டாலர்) மொத்தமாக ஒதுக்கி, பிறகு ஆண்டு வருவாயில் 10 விழுக்காட்டைச் சேர்ப்பதாக ஏற்பாடு. இந்த ஒதுக்கீடு செலவாகக் காட்டப்பட்ட ஆண்டில் அதை அப்படியே எடுத்துக்கொண்டால், இல்லாத பற்றாக்குறை ஒன்று முளைக்கும். உதாரணத்துக்கு, வரவு 300, செலவு 320 என்று இருக்கிறது, செலவில் 30 நிதியத்துக்குப் போனது என்றால், நடப்புக் கணக்கில் 10 உபரி. நோட்டு வெளியிட்ட நாணய ஆணையர்களின் கையிருப்பில் வந்த உபரி வருமானமும் இப்படித்தான்: அது வரி அல்ல, ஆனால் வருவாயில் உட்காரும். அதே நோட்டைப் புழங்கிய மலாய் மாநிலங்களுக்கு அதில் பங்கில்லை என்ற குறை 1933இல் நாணயம் பற்றிய பிளாக்கெட் விசாரணை வரை போனது.

மூன்றாவது, நாணயம். 60 வெள்ளிக்கு 7 பவுன் என்பது 1906 முதல் நிலைத்த விகிதம், அதாவது ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். 1931 செப்டம்பரில் பிரிட்டன் பவுனைத் தங்கத்தோடு கட்டியிருந்த நிலையைக் கைவிட்டபோது, வெள்ளியும் கூடவே இறங்கியது. “வெள்ளி” என்ற பெயரைப் பார்த்து வெள்ளி உலோகத்தின் விலையோடு முடிச்சுப்போடுகிற விடைகளும் வருகின்றன! உலோகத்தோடு கட்டுண்டிருந்தது ஹாங்காங், அதுவும் 1935 வரை. இரண்டு துறைமுகங்களையும் ஒரே பத்தியில் ஒப்பிடுவதானால் இந்த வேறுபாட்டை முதலில் வையுங்கள்.

செலவுப் பக்கத்தில் சுருக்கமே போதும். ஓய்வூதியத்தை வெட்ட முடியாது. இராணுவப் பங்களிப்பு மந்தத்தின் தொடக்கத்தில் வருவாயில் 20 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டதால், வருவாய் இறங்கினால் தானாக இறங்கும். வெட்டு முதலில் விழுவது பொதுப்பணிச் சிறப்புச் செலவில், பிறகு பணியிடங்களில். ஆனால் காலாங் விமான நிலையத்தின் வேலை 1930களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1937 ஜூனில் திறப்பு வரை நடந்தது. கையில் சேமிப்பு இருந்த காலனி என்பதை மறந்து “கஜானா காலி” என்று எழுதினால் இதை விளக்க முடியாது. விலைவாசியையும் பாருங்கள். அரிசி விலையும் இறங்கியதால், வேலை தப்பிய எழுத்தருக்கு அதே சம்பளத்தில் வாங்கும் சக்தி கூடியது.

புதிய வரி ஏன் போடவில்லை என்பது துணைக்கேள்வியாக வரும். ஆளுநர் செசில் கிளமெண்டி மலாயா முழுவதற்கும் ஒரு சுங்கக் கூட்டமைப்பை முன்வைத்தபோது, தீர்வையில்லாத் துறைமுகம் என்ற நிலை போய்விடும் என்று சிங்கப்பூர், பினாங்கு வணிகர்கள் எதிர்த்தார்கள். 1934இல் ஜப்பானியத் துணிக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. அது பேரரசு வணிகத்துக்காக, வருவாய்க்காக அல்ல. இரண்டையும் ஒரே கூடையில் போட வேண்டாம்.

தேர்வறையில் 45 நிமிட விடைக்கு ஆறு நிமிடம் திட்டத்துக்குக் கொடுங்கள். முதல் பத்தியிலேயே எந்த அரசின் கணக்கு, எந்த ஆண்டுகள் என்று எழுதிவிடுங்கள். வருவாய்க்கு 18 நிமிடம், செலவுக்கு 10, வரி அரசியலுக்கு 7. மீதி நான்கு நிமிடத்தில் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் வெள்ளியா பவுனா, காலனியா நகராட்சியா என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.