கலோரிக் கணக்கு: எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்

கலோரிகளை எண்ணி எடையைக் குறைக்க நான் இரண்டு முறை முயன்றிருக்கிறேன். முதல் முறை, யாரையும் கேட்காமல் ஒரு நாளைக்கு 900 கலோரி என்று நானே ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, ஆறு வாரங்களில் ஆறு கிலோ குறைத்தேன். படியேறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்ததையும், அற்பக் காரணங்களுக்கெல்லாம் வீட்டாரிடம் எரிந்து விழுந்ததையும் அப்போது நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் மாதத்தில் சீப்பு நிறைய முடி வரத் தொடங்கியது. உணவைத் திடீரென்று மிகவும் குறைத்தால் முடிக்கால்கள் பலவும் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும் என்றும், உதிர்வு இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே கண்ணுக்குத் தெரியும் என்றும் தோல் மருத்துவர் விளக்கிய பிறகுதான் நான் செய்திருந்த காரியம் எனக்கு உறைத்தது. அந்த ஆறு கிலோவும் எட்டு மாதங்களுக்குள் திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் முறை பத்து மாதங்களில் ஒன்பது கிலோ குறைந்தது. ஓராண்டுக்கும் மேலாக அது திரும்பவில்லை. என் மன உறுதி இடைக்காலத்தில் கூடிவிடவில்லை. கணக்குப் போட்ட விதம்தான் மாறியிருந்தது.

உணவுப் பொட்டலங்களில் கலோரி என்று அச்சிடப்படுவது உண்மையில் கிலோகலோரி, அதாவது ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பம். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று நாம் இன்றும் பயன்படுத்தும் எண்கள், அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கொண்ட அளவீடுகளிலிருந்து வந்தவை. அவை நல்ல சராசரிகள், ஆனால் சராசரிகள்தாம். முழு பாதாமை மென்று தின்னும்போது அதிலுள்ள கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலேயே வெளியேறிவிடுவதால், கிடைக்கும் கலோரி அட்டவணை சொல்வதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே 1,487 கலோரி சாப்பிட்டேன் என்று எழுதி வைப்பதில் பொருளில்லை. ஏறத்தாழ 1,500 என்று சொல்வதே நேர்மையான கணக்கு.

ஒருவருக்கு எவ்வளவு தேவை என்பதை மதிப்பிட, 1990-இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு பரவலாகப் பயன்படுகிறது. கிலோவில் எடையைப் பத்தால் பெருக்கி, சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, கடைசியில் ஆண்களுக்கு 5-ஐக் கூட்ட வேண்டும், பெண்களுக்கு 161-ஐக் கழிக்க வேண்டும். இரண்டாம் முயற்சியைத் தொடங்கியபோது என் எடை 76 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர், வயது 42. கணக்குப் போட்டால் 1,389 வருகிறது. அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் இயங்குவதற்கு என் உடல் செலவழிப்பது ஏறத்தாழ இவ்வளவு. பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை பார்த்து, சிறிது நடப்பவள் என்பதால் இதை 1.375-ஆல் பெருக்கினேன்; நாளொன்றுக்கான மொத்தத் தேவையாக 1,910 கிடைத்தது. அந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். படுத்துக்கிடப்பதற்கே கிட்டத்தட்ட 1,400 கலோரி கேட்கும் உடலுக்கு 900 கொடுத்து, அதை வேலைக்கும் அனுப்பி, மாலையில் நடக்கவும் வைத்திருந்தேன்.

பாதுகாப்பான வேகம் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200 கலோரிக்கும், ஆண்கள் 1,500 கலோரிக்கும் கீழே போகக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் அடித்தள எல்லை. அதை இலக்காக எடுத்துக்கொள்பவர்கள் பலர். என் பார்வையில் அது பெருந்தவறு. நான் 1,910-இலிருந்து 400-ஐக் கழித்து 1,500 என்று வைத்துக்கொண்டேன். ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதாகக் கொண்டால், இதனால் வாரத்துக்கு அரை கிலோகூடக் குறையாது. மெதுவான வேகம்தான், ஆனால் கண் இருட்டவில்லை, முடி உதிரவில்லை. மிக வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கற்கள் உருவாகும் வாய்ப்பு கூடும் என்பதும், கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும் என்பதும் வேகத்தின்மேல் எனக்கிருந்த ஆசையை அடியோடு போக்கிவிட்டன.

இப்போது அளப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோருடைய கணக்கு இங்கேதான் கவிழ்கிறது. தொடங்கிய முதல் மூன்று வாரங்களில் 1,500 கலோரி என்று எழுதி வந்தேன்; எடை அசையவில்லை. என் உடல்வாகே அப்படித்தான் என்று முடிவுகட்ட இருந்த வேளையில், ஒரு நாள் வாணலியை அடுப்பில் வைக்கும் முன் எண்ணெய்ப் புட்டியைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டேன். வழக்கம்போல் கையளவாக ஊற்றிவிட்டு, மூடி அதே தராசில் திரும்ப வைத்தேன். 31 கிராம் குறைந்திருந்தது. அதுநாள்வரை அதை ஒரு மேசைக்கரண்டி, அதாவது 14 கிராம் என்று எழுதி வந்திருந்தேன். விடுபட்ட 17 கிராமை ஒன்பதால் பெருக்கினால் 153 கலோரி. இரண்டு வேளைச் சமையலுக்கு 306. எனக்கு நானே வகுத்துக்கொண்ட 400 கலோரிப் பற்றாக்குறையில் முக்கால் பங்கு வாணலியிலேயே நிரம்பிவிட்டது!

இது என் ஒருத்தியின் கதை இல்லை. எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு, 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறையேதும் இருக்கவில்லை. உண்மையில் உண்டதைவிட 47 சதவீதம் குறைவாகவும், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் அதிகமாகவும் அவர்கள் கூறியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கண்ணால் அளக்கும் எவருக்கும் இது நேரும். இன்னொரு பொறி, பச்சையாக எடைபோட்டதையும் வெந்த பிறகு எடைபோட்டதையும் குழப்பிக்கொள்வது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 360 கலோரி உண்டு. தண்ணீரை இழுத்து வெந்த சோற்றில் நூறு கிராமுக்கு 130 அளவில்தான் இருக்கும். எந்த நிலையில் எடைபோட்டீர்களோ, அட்டவணையிலும் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணெயைத் திருத்திய மறுவாரமே எடை இறங்கத் தொடங்கியது, ஆனால் நேர்கோட்டில் இறங்கவில்லை. உடல் மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைக்கோஜனின் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். உப்பு கூடினால், மாதவிடாய் நெருங்கினால் இன்னும் நீர் கோக்கும். ஒரே இரவில் ஒரு கிலோ ஏறுவது கொழுப்பால் நடக்கவே முடியாது, அதற்கு உடலின் தேவைக்கு மேல் 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். காலையில் எழுந்து கழிப்பறைக்குச் சென்று வந்ததும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் முந்தைய வாரத்துச் சராசரியோடு ஒப்பிடத் தொடங்கிய பிறகு, தினசரி ஏற்ற இறக்கம் என்னைக் கலங்கடிப்பது நின்றது.

குறைக்கும் காலத்தில் புரதத்தை விட்டுவிடக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவில் புரதமும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் இருந்தால் தசை இழப்பு மட்டுப்படும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எடை குறையக் குறையத் தேவையும் குறையும். 76 கிலோவில் 1,910 கேட்ட என் உடல் 67 கிலோவில் 1,780 அளவில்தான் கேட்கிறது. இறுதி மாதங்களில் வேகம் தளர்ந்ததற்கு இதுவே காரணம் என்பதால், நான் உணவை மேலும் வெட்டவில்லை. பட்டினியின் விளைவை அறிய விரும்புவோர், அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்சல் கீஸ் 1944, 1945-ஆம் ஆண்டுகளில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களைக் கொண்டு நடத்திய சோதனையைப் பற்றிப் படிக்கலாம். நாளும் நெடுந்தூரம் நடந்துகொண்டே 1,570 கலோரி அளவில் ஆறு மாதங்கள் உண்ட அந்த ஆரோக்கியமான ஆண்கள், உடல் எடையில் கால் பங்கை இழந்து, சோர்ந்து, சிடுசிடுத்து, எந்நேரமும் உணவையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் போதுமானதாக இருந்த அளவையொட்டிய எண்தான் அது. எந்த எண்ணும் யாருடைய உடலுக்கு என்பதோடு சேர்த்தே பொருள்படும்.

கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் வயதினர் இந்தக் கணக்கைத் தாமாகத் தொடங்கவே கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் உணவைக் குறைத்துவிட்டு மருந்தைக் குறைக்காவிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உணவைக் கண்டு அஞ்சும் நோய் முன்பு வந்தவர்களை எண்கள் மீண்டும் அதே இடத்துக்கு இழுத்துச் செல்லக்கூடும். அவர்களிடம் தயவுசெய்து இந்த முறையைப் பரிந்துரைக்காதீர்கள். மற்றவர்களும், எழுதாமல் ஒரு வாய் உண்டால் குற்ற உணர்வு வருகிறது என்ற நிலை வந்தால் கணக்கை அன்றே நிறுத்திவிட்டு உதவி தேடுங்கள்.

67 கிலோவை எட்டியதும், நாளொன்றுக்கான அளவை வாரம் 100 கலோரி வீதம் கூட்டி 1,750-க்குக் கொண்டுவந்தேன்; எடை அங்கேயே நிற்கிறது. இப்போது தினமும் எழுதுவதில்லை, மாதத்தில் ஒரு வாரம் மட்டும் எழுதுகிறேன். எண்ணெய்ப் புட்டியை மட்டும் இன்றும் ஊற்றும் முன்னும் பின்னும் தராசில் வைக்கிறேன். என் கை இன்னும் 31 கிராமுக்கே சாய்கிறது.