ரசீது அவன் கையில், பாஸ்போர்ட் மண்டோர் கையில்

"பாஸ்போர்ட் எங்க தம்பி?"

"மண்டோர்கிட்ட இருக்கு அக்கா."

"அசல் இல்லாம அனுப்ப முடியாது. எடுத்துக்கிட்டு வாங்க."

பேச்சு இவ்வளவுதான். மண்டோர் என்றால் வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. கோலாலம்பூரின் லெபோ அம்பாங் தெருவில் பணம் அனுப்பும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் யாரும் இதைச் சொல்லாமல் ஒரு மாதத்தை ஓட்ட முடியாது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். எட்டாக மடித்த ஒரு நகலை நீட்டினான், மடிப்பு சரியாக முகத்தின் மேல் விழுந்து மூக்கும் வாயும் வெள்ளையாகத் தேய்ந்துபோயிருந்தன. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டோரோடு வந்தான். மண்டோர் இடுப்புப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட பாஸ்போர்ட் கட்டு ஒன்றை எடுத்து, சீட்டுக்கட்டில் தேடுவதுபோல் தேடி ஒன்றை உருவிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். படம் பொருந்தியது, வேலை பெர்மிட் இருந்தது, 1,200 ரிங்கிட். சம்பளப் பணம்தான், சந்தேகப்பட ஒன்றுமில்லை. வேலை முடிந்து இரண்டையும் வெளியே தள்ளினேன். ரசீதைப் பையன் எடுத்தான். பாஸ்போர்ட்டை மண்டோர் எடுத்தார். பார்த்துக்கொண்டே "அடுத்தது" என்றேன்.

நான் செய்தது சரிதான். மலேசியாவின் 2001ஆம் ஆண்டுக் கள்ளப்பணத் தடுப்புச் சட்டம், நாங்கள் அம்லா என்று சொல்வது, அனுப்புகிறவர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்கிறது. கேட்டேன், பதில் கிடைத்தது. கேட்காமல் விட்டால் கடைக்கும் எனக்கும் தண்டனை உண்டு. முதல் தடவை விட்டுக்கொடுத்திருந்தால் நான்தான் மாட்டியிருப்பேன்.

அப்புறம் ஒரு பயிற்சியில் ஐ.நா.வின் வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டிக் கொள்கைகளைப் பற்றிச் சொன்னார்கள். 2011ல் வந்தவை, மொத்தம் 31. அங்கேயும் 'டியூ டிலிஜென்ஸ்', அதாவது முன்கூட்டியே விசாரித்துப் பார்ப்பது, என்று அம்லாவில் வரும் அதே சொல். ஆனால் அம்லாவில் ஆபத்து என்றால் கள்ளப்பணம் நம் வழியாகப் போய்விடுமோ என்பது. இங்கே ஆபத்து என்றால் அந்த ஆளுக்கு என்ன ஆகிறது என்பது. கட்டாய உழைப்புக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. சொல்லும் 11 அடையாளங்களில் ஒன்று, தொழிலாளியின் அடையாள ஆவணத்தை அடுத்தவர் வைத்துக்கொள்வது. நான் முதலில் திருப்பி அனுப்பியதற்கும் பிறகு பணத்தை அனுப்பியதற்கும் காரணம் அதே ஆவணம்தான். பறிகொடுத்தவனிடம் போய் ஏன் கொண்டு வரவில்லை என்று கேட்டிருக்கிறேன்.

ஆனால் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மண்டோர் பக்கத்தில் நிற்கும்போது "உன் பாஸ்போர்ட் ஏன் அவரிடம் இருக்கிறது" என்றால் அவன் என்ன சொல்வான்? அனுப்ப மாட்டேன் என்றிருந்தால் அந்த மாதம் ஊரில் வீட்டுக்குப் பணம் போயிருக்காது, இல்லை உரிமம் இல்லாத ஆட்கள் வழியாகப் பணம் அனுப்பும் உண்டியலில் போயிருக்கும், எதைத் தடுக்கச் சட்டம் போட்டார்களோ அதிலேயே. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆள் கடத்தல் குற்றத்தில் வரும் பணமும் அம்லாவுக்குள் அடங்கும், அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிமையில்லாமல் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டமும் இருக்கிறது, ஆக எனக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது என்றும் தோன்றுகிறது. அன்று மாலை மேலிடத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுத்தேனா என்பதை வெளியே பேச எனக்கு அனுமதியில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைச் சொல்லலாம். மண்டோரின் கட்டுக்குள் எத்தனை பாஸ்போர்ட் இருந்தன என்றும் எண்ணவில்லை. பணத்தை மட்டும் இரண்டு முறை எண்ணினேன்.

அவன் அப்புறம் வரவில்லை. வேறு கடைக்குப் போயிருக்கலாம், வேலையிடம் மாறியிருக்கலாம்.

இப்போது பாஸ்போர்ட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளுவதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உரியவர் கை நீட்டும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். கதவைத் தாண்டியதும் அது யார் பைக்குள் போகிறது என்பது என் இடத்திலிருந்து தெரியாது.